கண் திறந்த ஜெபம்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியமும் என்னுடையது இல்லை, என் சித்தியுடையது. வெங்காயம் உரித்துக்கொண்டே, "நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

[இந்த இடத்தில் 'பாதி வெங்காயத்தால், பாதி வேறெதனாலோ' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சித்தி அப்படி அழுகிற ஆள் இல்லை. முழுக்க முழுக்க வெங்காயம்தான்.]

அந்த வாக்கியத்துக்கு முன்னால் என்ன போடுவது என்று தெரியாமல் பல தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலய மணியோசை காற்றில் மிதந்து வந்து…'

சித்தியின் சபைக்கு மணியே கிடையாது. ஒரு பழைய அச்சகக் கட்டடம் அது. கூரையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, அதுவும் இருமும்.

'பாதுகாப்பு என்பது என்ன? மனித இனம் தோன்றிய காலம் முதல்…'

இதைப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

'என் சித்தி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள்.'

இது நின்றது. அலங்காரம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. இங்கிருந்தே போகலாம்.

2

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். மற்றது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தியின் காலடியில். ஸ்டியரிங் அவள் கையில் இல்லை, வேகம் அவள் கையில் இல்லை. அவளுக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு பிரேக். வண்டி ஒழுங்காகப் போகும்போது அவள் சும்மா இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் சாலையைப் பார்ப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்தில் பயம் வருவதற்கு முன்பே அவள் கால் தயாராகிவிடும்.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பேருந்தில் போனாலும் வலது கால் தரையை அழுத்தும். சித்தப்பா ஸ்கூட்டர் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகை அழுத்துவாள். "என் முதுகுல பிரேக் இல்லடி" என்று அவர் சலித்துக்கொள்வார். சபையில் அவளுக்குப் பெயரே 'பிரேக் அக்கா'தான்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பட்டப்பெயர் வைத்தவர் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பவர். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் சித்தி. அவர் இன்னும் ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். இவருக்குக் கதையில் வேறு வேலை இல்லை.)

3

சித்தி கண்ணை மூடாமல் இருப்பதற்குக் காரணமான நாளைச் சொல்ல வேண்டும்.

அன்று ஆராதனையில் போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். அவர் ஜெபம் கொஞ்சம் நீளம். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். கூடம் முழுக்கக் கண்ணை மூடியிருந்தது. வாசலில் நின்ற இரண்டு வரவேற்பாளர்களும் மூடியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'ஜெபிப்போம்' என்றால் கண் மூடும். கொட்டாவிக்கு வாய் திறப்பதுபோல அது தானாக நடப்பது.

போதகர் 'ஆமென்' சொன்னபோது, ஒரு பேருந்து ஓட்டுநர் சீருடையோடு நடுக்கூடத்தில் நின்றிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. புதிதாக வந்திருந்த குடும்பத்துப் பெண் குழந்தை. ஜெபம் நடந்த நேரத்தில் அது வாசலைத் தாண்டி, படி இறங்கி, சாலை நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் பேருந்தைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இது யாருங்க பிள்ளை? இத்தனை பேர் இருக்கீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

அந்தக் குடும்பம் மறுபடி வரவில்லை. போதகர் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், வரவில்லை.

நான் இங்கே ஒரு திருப்பம் வைக்கலாமா என்று யோசித்தேன். கதை முடிவில் அந்தக் குடும்பம் திரும்பி வந்து… வேண்டாம். கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காக அவர்களை மறுபடி அந்தப் படியேற வைப்பது நியாயமாகப் படவில்லை.

4

சபைக் குழு கூடியது. ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவரை அழைத்துப் பயிற்சி வைப்பது என்று முடிவானது. குழுவின் தலைவர் சித்தியின் மாமனார். அவருக்கு மட்டும் இதில் மனமில்லை. "காக்கிறவர் மேல இருக்கார். நமக்கு எதுக்குக் காவலும் விசிலும்?" என்று கேட்டிருக்கிறார். போதகர் பணிவாகவே பதில் சொன்னாராம்: "அவர் காக்கட்டும் ஐயா. அதுக்காக அவர் கொடுத்த கண்ணை நாம ஏன் மூடி வைக்கணும்?"

பயிற்சிக்கு வந்த அதிகாரி கட்டையான மனிதர், பேச்சும் அப்படித்தான். முதலில் தீ ஒத்திகை. சபைக்கு நான்கு கதவுகள் இருந்தும் எல்லோரும் தாங்கள் வந்த ஒரே வாசலில் போய் முட்டிக்கொண்டார்கள். பக்கக் கதவின் முன்னால் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பாடகர் குழு பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்துக்கொண்டு கடைசியாக வந்தது.

"பரலோகத்துல புது புத்தகம் தருவாங்க" என்றார் அதிகாரி. "அங்க போக அவசரம்னா இதை எடுத்துக்கிட்டு நில்லுங்க."

பிறகு காவல் நிற்பது பற்றிச் சொன்னார். முறைத்துப் பார்ப்பது காவல் இல்லை. வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். நல்லவனுக்கு அது வரவேற்பு, கெட்டவனுக்கு 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்கிற சேதி. ஒரே வணக்கம்தான், இரண்டு வேலை.

[இந்த ஒரு வரிக்காகவே அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு வந்தது.]

கடைசியாக ஒரு சோதனை. "இப்ப போதகர் ஜெபம் பண்ணுவார். நீங்க யாரும் கண்ணை மூடக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இது ஒரு சோதனையா என்று. போதகர் 'ஜெபிப்போம்' என்றார்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது சுவரில் கடிகாரம் இல்லை.

கண்ணை மூடக் கூடாது என்று தெரிந்தே எல்லோரும் மூடியிருந்தார்கள். போதகரும்தான். அதிகாரி நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, இறங்கி, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"பியானோவுக்குப் பின்னால வச்சிருக்கீங்க" என்றாள் சித்தி. "கண்ணாடி கீழ பார்க்க இருக்கு. கீறல் விழும், திருப்பி வைங்க சார்."

அன்று முதல் ஜெப நேரத்துக் காவல் சித்திக்கு வந்தது. முறை போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் எவ்வளவு முயன்றும் இரண்டாவது வாக்கியத்தில் இமை இறங்கிவிடும். சித்திக்கு இறங்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். அப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

5

மாமனாரை முழுதாக அறிமுகப்படுத்தும் இடம் இது. இங்கேதான் பேனா பல நாள் நின்றுபோனது.

முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன். 'கடுகடுத்த முகமும் கர்வமான நடையும் கொண்ட அந்த முதியவர்…' என்று தொடங்கிப் பார்த்தேன். அவர் வாயில் ஒரு கெட்ட வசனம்கூட உட்காரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சபையைத் தன் வீட்டு முன்னறையில் தொடங்கியவர் அவர். அச்சகக் கட்டடத்தை வாங்கியபோது தரையில் ஊறியிருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவர். சபையின் சட்டதிட்டங்களை எழுதியதும் அவரே. மருமகளை இதுவரை 'வாம்மா, போம்மா' என்பதற்கு மேல் அதட்டியதில்லை.

உத்தியோகத்தில் அவர் ரயில் கார்டு. அவர் பச்சைக் கொடி காட்டாமல் வண்டி நகராது. சொந்த அண்ணன் பெட்டியோடு ஓடி வருவதைப் பார்த்தும் நேரமாகிவிட்டது என்று கொடி காட்டியவர். அண்ணன் நடைமேடையில் நின்று திட்டிய திட்டு குடும்பத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் எப்படி ஒரு விதியை மீற வருவார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் எளிது: பேத்தி அழுதாள்.

அந்த விதி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆராதனை நேரத்தில் சின்னப் பிள்ளைகள், பயிற்சி பெற்றவர்கள் பொறுப்பில், தனி அறையில் இருப்பார்கள். முன்பு அச்சகத்தின் காகிதக் கிடங்காக இருந்த அறை. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவருக்கு ஒரு டோக்கன், அதே எண்ணில் பிள்ளையின் சட்டையில் ஒன்று. டோக்கன் இல்லாமல் யாரும் பிள்ளையை வெளியே எடுக்க முடியாது. பயிற்சி முடிக்காத யாரும் அறைக்குள் போக முடியாது. யாரும் என்றால் யாரும். 'போதகர் உட்பட' என்று போதகரே சொல்லி எழுத வைத்தார். மாமனார் பயிற்சிக்குப் போகவில்லை. இந்த வயதில் விசில் ஊதவா என்று இருந்துவிட்டார்.

6

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். சித்தி நடையின் முனையில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வாசல், பக்கக் கதவு, பிள்ளைகள் அறை மூன்றும் தெரியும். அறைக்குள் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் தன் பிள்ளையின் குரல் பெற்றவளுக்குத் தெரியாதா? அது அவள் மகள்.

மாமனார் கூடத்திலிருந்து எழுந்து அறைப் பக்கம் வந்தார். சித்தி கதவருகே போய் நின்றாள்.

"பாப்பா அழறா. கதவைத் திறம்மா."

"டோக்கன் மாமா?"

அவர் நின்றார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"யாருகிட்ட கேக்குற?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் மாமா."

"சரி. நீ பெத்தவதானே? நீயே தூக்கிட்டு வா."

"இன்னைக்குக் கொண்டுவந்து விட்டது உங்க மகன். டோக்கன் அவர் சட்டைப் பையில இருக்கு. அது இல்லாம என்னாலயும் தூக்க முடியாது."

"பெத்த பிள்ளையைத் தூக்க டோக்கனா?"

"எனக்கும் சேர்த்துத்தான் மாமா எழுதியிருக்கு."

உள்ளே குழந்தை "தாத்தா" என்று கத்தியது. குரலைக் கேட்டுவிட்டது. சித்தியின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை, வெறும் சிமெண்டுத் தரை.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக வெளியே நடந்தார். ஜெபத்தின் நடுவில், தான் தொடங்கிய சபையிலிருந்து. கண்கள் எல்லாம் மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. சித்தி மட்டும் பார்த்தாள்.

(குழந்தை எதற்கு அழுதாள் என்று பிறகு தெரிந்தது. சிவப்புக் கிரையானை வேறொரு பிள்ளை எடுத்துக்கொண்டதாம். ஆமென் வருவதற்குள் அது கிடைத்துவிட்டது.)

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். காவலில் கண்டது எதுவானாலும் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. இதை யாரும் பார்க்கவில்லை. சித்தி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டோடு முடிந்திருக்கும். இந்தக் கதையும் இருந்திருக்காது. அவள் சொன்னாள். கதவருகில் மறித்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலியே பயிரை மேய்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வேலி தன் வீட்டு ஆட்டையும் மறிக்கும்போது அதை யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

7

வீட்டில் மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டார், பேத்தியோடு விளையாடினார், மருமகள் வந்தால் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். சித்தப்பா இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமானார். "ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று மனைவியைக் கேட்டார். அவள் உடனே, "மனசைக் கஷ்டப்படுத்தினதுக்குக் கேக்குறேன். கதவைத் திறக்காததுக்குக் கேக்க மாட்டேன்" என்றாள். முதல் பாதியை அன்றே கேட்டாள். மாமனார் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

குழு கூடியது. மூத்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்று மாமனார் கேட்டிருந்தார். போதகர் எழுந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஒருவருடைய குடும்ப விஷயம் வந்தால் அவர் வெளியே போய்விட வேண்டும் என்று சபைச் சட்டத்தில் இருக்கிறதே. அந்தச் சட்டத்தை எழுதியவர் மாமனார்தான். உடனே எழுந்தார். கண்டதைச் சொல்ல வந்திருந்த சித்தியும் எழுந்தாள். இருவரும் வெளியே போனார்கள். கதவு மூடியது.

வெளியே இருந்தது ஒரே பெஞ்சு.

அதில் அவர்கள் பேசினார்களா, என்ன பேசினார்கள் என்பதைச் சித்தி எனக்குச் சொல்லவில்லை. "அது எங்க ரெண்டு பேர் சமாச்சாரம்" என்று வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆகவே இனி வருவது என் கைச்சரக்கு.

முதல் கற்பனை: மாமனார் தொண்டையைச் செருமுகிறார். "எங்க அண்ணனை நான் விட்டுட்டுப் போன அன்னைக்கு, அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வண்டி தூரம் போயிடுச்சு. இப்பதான் தெரியுது" என்கிறார். சித்தி, "எப்படி இருந்திருக்கும் மாமா?" என்கிறாள். "என் மூஞ்சி மாதிரி" என்கிறார்.

இது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு அழகாகப் பேசிவிட்டால் மனிதர்கள் ஏன் பெஞ்சில் சும்மா உட்காரப் போகிறார்கள்?

இரண்டாம் கற்பனை: நெடுநேரம் இருவரும் எதிர்ச்சுவரைப் பார்க்கிறார்கள். பிறகு அவர் கேட்கிறார்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு ஜெபம் வருதா உனக்கு?"

"வருது மாமா. ஒவ்வொரு மூஞ்சியா பார்க்குறேன்ல, அவங்கவங்களுக்கா வருது."

"என்னத்தைப் பார்ப்ப?"

"தபேலாக்காரர் தூங்குவார். போதகர் பொண்டாட்டி ஜெபம் எப்ப முடியும்னு வாட்சைத் தடவுவாங்க." அவள் அவர் பக்கம் திரும்புகிறாள். "நீங்க பக்கத்து நாற்காலி மேல கையை வச்சுப்பீங்க."

அது அவருடைய மனைவி உட்கார்ந்த நாற்காலி. அந்த அம்மா இறந்த பிறகு அதில் யாரும் உட்காருவதில்லை. கண்கள் மூடியிருக்கும்போது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த விஷயம்.

"யாருகிட்டயும் சொன்னியா?"

"அதைக் குழுவுக்குச் சொல்லணும்னு விதி இல்ல மாமா."

[இந்த இரண்டாவதை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே விடுகிறேன்.]

8

கற்பனை முடிந்தது. நடந்தது இவ்வளவு: கதவு திறந்தது. போதகர் முடிவைச் சொன்னார். விதிவிலக்கு இல்லை, மூத்தவர்களுக்கும் குழுவுக்கும் போதகருக்கும். சனிக்கிழமை மாலை தீயணைப்பு அதிகாரி மறுபடி வகுப்பு எடுப்பார். கடிகாரச் சோதனையில் கண்ணை மூடியவர்களும் அந்தப் பயிற்சிக்கே வராதவர்களும் போக வேண்டும், போதகர் முதல் ஆளாக. இன்னொன்றும் முடிவானது. ஒரே ஆள் வருடம் முழுக்கக் கண்ணை மூடாமல் ஜெபிப்பது நியாயமில்லை, வருகிற ஞாயிறு சித்திக்கு ஓய்வு.

மாமனார் தலையை ஆட்டினார். சம்மதமா, வெறும் ஆட்டலா என்று தெரியவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனார்.

இனி முடிவு வேண்டும். ஒன்று எழுதினேன்: மாமனார் சனிக்கிழமை வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து, விசிலை வாங்கி… இதில் சித்தி ஜெயித்துவிடுகிறாள். அவள் ஜெயிப்பதற்காக அங்கே நிற்கவில்லை. இன்னொன்று எழுதினேன்: மாமனார் வேறு சபைக்குப் போய்விடுகிறார், அந்த நாற்காலி… இதில் அவர் சின்ன மனிதராகிவிடுகிறார். அவர் அவ்வளவு சின்னவர் இல்லை. இரண்டையும் கிழித்தேன்.

9

ஞாயிற்றுக்கிழமை. மாமனார் காலையில் எல்லோருக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை எங்கே போயிருந்தார் என்றும் யாருக்கும் தெரியாது. வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று சித்தி போதகரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கூடத்தில் சித்தப்பாவின் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருடத்துக்குப் பிறகு. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. சுவரில் கடிகாரம் இருக்கிறது. பிள்ளைகள் அறையில் யாரும் அழவில்லை. பாப்பாவை அங்கே விட்டுவிட்டு வந்த சித்தப்பா டோக்கனை யாரிடம் கொடுத்தார் என்று சித்தி கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒரு முறை இருமுகிறது. போதகர் 'ஜெபிப்போம்' என்கிறார்.

கண்கள் மூடுகின்றன. தபேலாக்காரர், போதகரின் மனைவி, சித்தப்பா, எல்லோரும். சித்தி மட்டும் பழக்கத்தில் திறந்தபடியே இருக்கிறாள். வாசலைப் பார்க்கிறாள், பக்கக் கதவைப் பார்க்கிறாள். இன்றைக்கு யார் முறை என்று தேடுகிறாள்.

நான் யாரையாவது அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏனென்றால், இதைப் படிக்கிற நீங்கள் கண்ணைத் திறந்துதானே வைத்திருக்கிறீர்கள்? மூடிக்கொண்டு யாரும் படிக்க முடியாது. முறை உங்களுடையது. நடையின் முனைக்குப் போய் நில்லுங்கள். அங்கிருந்து மூன்று கதவுகளும் தெரியும்.

சித்தி உங்களைப் பார்த்துவிட்டாள். தலையை லேசாக அசைக்கிறாள். அவள் வலது கால் தரையிலிருந்து மெல்லத் தளர்கிறது. கண்ணை மூடுகிறாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. நிதானமான, வயதான நடை. நிழல் வாசலைத் தாண்டி, கூடத்துக்குள் திரும்பாமல், பிள்ளைகள் அறைப் பக்கமாக வருகிறது. கை சட்டைப் பைக்குள் போகிறது. எடுப்பது கண்ணாடியா, டோக்கனா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

முகத்தைப் பார்த்து முதலில் வணக்கம் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்.